பேச்சியம்மாளுக்குச் சோறு கொடுத்தது யார்?

"துண்டை உதறு" என்றார் ஆஸ்பத்திரி வார்டில் டாக்டருக்கு உதவியாக இருந்த டிரெஸர் மணியம்.

அய்யாவு உதறினான். வேட்டி மடியையும் அவிழ்த்துக் காட்டினான். ஒரு வெற்றிலைக் காம்பு விழுந்தது. வேறொன்றும் இல்லை.

"வெத்தலை குடுத்தியா அவளுக்கு?"

"சத்தியமா இல்லீங்கய்யா. இது எனக்கு."

அவன் மனைவி பேச்சியம்மாளுக்கு நாலு வருஷமாக வயிற்றில் கட்டி. ரப்பர் விலை விழுந்து அரைச் சம்பளம் ஆன பிறகு தோட்டத்து லய வீடுகளில் எல்லார் வயிறும் ஒட்டிப்போனது. அவள் வயிறு மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. எத்தனை மாசம் என்று கேட்டுக் கேட்டுப் பெண்களும் ஓய்ந்துவிட்டார்கள். கடைசியில் அய்யாவு அவளைப் பெக்கோக் ஸ்டேஷனில் ரயிலேற்றி இந்த டவுன் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தான்.

கத்தி வைத்துக் கட்டியை எடுத்துவிடலாம் என்றார் வெள்ளைக்கார டாக்டர். ஆனால் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். வயிற்றில் சோறு கிடந்தால், மயக்க மருந்து கொடுத்ததும் அது மேலேறி மூச்சை அடைத்துவிடுமாம்.

இரண்டு தடவை நாள் குறித்தார்கள். இரண்டு தடவையும் காலையில் விசாரித்தபோது சாப்பிட்டாச்சு என்றே பதில் வந்தது. டாக்டர் திரும்பிப் போய்விட்டார்.

"நாளைக்கும் தின்னுட்டுப் படுத்திருந்தா பேரை வெட்டிருவாரு" என்றார் மணியம். "அப்புறம் லயத்துக்குக் கூட்டிட்டுப் போயி நீயே வச்சுப் பாத்துக்க. அடுத்த மழைக்கு இருக்க மாட்டா."

"நான் பச்சத் தண்ணிகூட குடுக்கலீங்கய்யா."

"அப்ப யாரு? உங்க தோட்டத்துக் காவல்சாமி முனியாண்டி வந்து ஊட்டுறாரா?"

அய்யாவு யோசித்துப் பார்த்தான். "அவரா இருக்காதுங்க. அவரு எல்லையத் தாண்ட மாட்டாரு."

பேச்சியம்மாள் குளிக்கப் போயிருந்தாள்; அவளுடைய காலிக் கட்டிலுக்கு அடுத்த கட்டிலை மணியம் பார்த்தார். அங்கே சுலைஹா பீவி படுத்திருந்தாள். அவள் புருஷன் சாப்பாட்டுக் கடைக்காரர். வேளா வேளைக்குத் தூக்குச்சட்டி வந்துவிடும்.

"என்னை எதுக்கு மொறைக்கிறீங்க?" என்றாள் சுலைஹா. "போன தடவை ரொட்டி நீட்டினேன், இல்லேங்கல. 'வேணாங்கம்மா, இப்பத்தான் சாப்புட்டேன்'னு கையத் தள்ளிட்டா."

"கேட்டுக்கிட்டியா?" என்றார் மணியம்.

அய்யாவு ஒன்றுதான் நினைத்தான்: எவனோ ஒருவன் சோறு போட்டே தன் பெண்டாட்டியைக் கொல்லப் பார்க்கிறான்.

"அய்யா, இன்னைக்கு நானே காவல் இருக்கேன்" என்று கும்பிட்டான். மணியத்துக்கும் அலுத்துப்போயிருந்தது. சரி என்றார்.

அய்யாவு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். சாயங்காலம் கஞ்சி வாளி வந்தபோது எழுந்து குறுக்கே நின்றான். சுலைஹா தூக்குச்சட்டியைத் திறந்தபோது, வாசனை இந்தப் பக்கம் வராதபடி துண்டால் விசிறினான். "நல்லா விசிறு, எனக்கும் வேர்க்குது" என்றாள் சுலைஹா.

பேச்சியம்மாள் வாளி போன திசையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. கத்தி என்று சொன்னால் பயத்திலேயே உயிர் போய்விடும் என்று, எதையுமே அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தான். டாக்டர் வந்து பார்ப்பார் என்றதோடு சரி. ஆஸ்பத்திரிக்காரர்களும் புருஷனிடம் சொன்னால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

விடியும்வரை ஓர் எறும்புகூட அவள் வாயருகே போகவில்லை.

காலையில் டாக்டர் வந்தார். மணியம் கட்டிலருகே நின்று கேட்டார்.

"என்னம்மா, சாப்பிட்டியா?"

பேச்சியம்மாள் மெல்ல எழுந்து உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஆச்சுங்கய்யா. வயிறு நெறைய சாப்புட்டேன். நீங்க சாப்புட்டீங்களா?"

டாக்டருக்கு மணியம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு திரும்பினார். அய்யாவு ஓடிப்போய் அவர் காலைப் பிடித்தான்.

"பொய்யி தொர! நான் கண்ணே மூடல!" பிடித்த காலை விடாமல் பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினான். "யாருடி குடுத்தா? எப்படித் தின்ன? சொல்லு!"

பேச்சியம்மாள் மிரண்டுபோனாள். "யாருங்க குடுத்தா? நேத்து மத்தியானத்துலேருந்து ஒண்ணும் திங்கலையே."

"அப்புறம் ஏன்டி சாப்புட்டேன்ன?"

"பெரிய மனுசரு மரியாதையா விசாரிக்கிறாரு. மொகத்துக்கு நேரா இல்லேன்னு எப்படிங்க சொல்றது?" குரலை இறக்கிக்கொண்டாள். "இங்க கஞ்சி பத்தல போலருக்கு. டாக்டரு வர்றதுக்கு மொத நாளெல்லாம் வாளி எங்கிட்ட நிக்காமப் போயிருது. பாவம், அவங்களும் எத்தன பேருக்குத்தான் ஊத்துவாங்க? நான் பசிக்குதுன்னா அவங்க மனசு சங்கடப்படாதா?"

"அட அல்லாவே" என்று சுலைஹா தூக்குச்சட்டியைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். மணியம் சிரிப்பை அடக்கிக்கொண்டு இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். டாக்டர் பேச்சியம்மாளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தள்ளுகட்டிலைக் கொண்டுவரச் சொன்னார்.

வார்டே சிரித்துக்கொண்டிருந்தது. அய்யாவு மட்டும் சிரிக்கவில்லை. தள்ளுகட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். ஆபரேஷன் அறைக் கதவு வந்ததும் குனிந்து அவள் காதோரம் கேட்டான்.

"ஏ புள்ள, வீட்டுல தெனமும் சாப்புட்டியான்னு நான் கேக்குறப்ப?"