ஒப்ராத்தின் ஓநாய்

செத்த ஓநாய்க்கு நாலு சாத்து சாத்த வேண்டும் என்றுதான் ஸ்மில்யா துடைப்பத்தோடு தெருவில் இறங்கினாள். பின்னே, வயிறு எரியாதா? செவ்வாய்க்கிழமை அவள் கொட்டிலில் புகுந்து சினையாடு ரெண்டைக் கடித்துப் போட்டிருக்கிறது. புருஷன் இல்லாதவளுக்கு இருந்ததே ஐந்து ஆடு.

தாரா மலையில் ஓநாயைச் சுட்டவனுக்குத் தனி மவுசு. வைக்கோல் திணித்த தோலைக் கழியில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவான். பன்றிக்கறி, முட்டை, பாலாடைக்கட்டி என்று ஊரே அள்ளிக் கொடுக்கும்.

வேட்டைக்காரர் ஒப்ராத், யாகொடா வீட்டு வாசலில் நின்றிருந்தார். யாகொடா ஒரு முழுப் பன்றித்தொடையை அவர் சாக்கில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

"தள்ளுங்கண்ணே, ஒரு பூசை போட்டுக்கறேன்" என்று ஸ்மில்யா துடைப்பத்தை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

ஓநாயின் காதில் நீல நூல் தையல். மூன்று வருஷத்துக்கு முன்னால், குண்டு பட்டுக் காது கிழிந்துவிட்டது என்று ஒப்ராத் கொண்டுவந்தபோது அவளே போட்டது. மற்றவர்களுக்குத் தெரியாது. தைத்தவளுக்குமா தெரியாது?

"இது பழைய தோலு."

"மெதுவாப் பேசு தாயி."

"அப்ப என் ஆட்டைக் கடிச்ச ஓநாய்?"

"காட்டுல இருக்கு. சௌக்கியமாத்தான் இருக்கும்."

ஸ்மில்யாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "ஒரே தோலைக் காட்டி வருஷா வருஷம் ஊரை மொட்டையடிக்கறீங்களே, உப்புப் போட்டுத்தான் திங்கறீங்களா?"

"தோலைப் பாத்தா சனங்களுக்குக் கோவம் ஆறிடுது. இல்லேன்னா கறியில விஷம் வெச்சு காட்டுல போட்டுருவாங்க. எங்கப்பா காலத்துல அப்படித்தான் ஓநாயைப் பூண்டோட அழிச்சாங்க. அப்புறம் காட்டுப்பன்னியை அடக்க ஆளில்ல. பட்டாளமா எறங்கி உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் அத்தனையும் உழுதுட்டுப் போச்சு. பத்துக் குடும்பம் வீட்டைப் பூட்டிட்டுக் கெளம்பிட்டாங்க. ஒண்ணை ஒண்ணு தின்னாத்தான் காடு அளவோட இருக்கும், தாயி."

"இருக்கட்டும், யாரு வேணாங்கறா? அதுக்கு என் ஆடுதானா கெடைச்சுது? யாகொடா தோட்டம் தழைக்க நான் அழணுமா?"

ஒப்ராத் மண்டையைச் சொறிந்தார். 

"சாக்கு நெறைய வாங்கிப் போட்டுக்கிட்டு நியாயம் வேற பேசறீங்க. ஊரைக் கூட்டி இந்தக் காதைப் பிச்சுக் காட்டறேன். கையோட டவுனுக்குப் போயி விஷமும் வாங்கறேன். பன்னி வந்தா வரட்டும். எனக்கென்ன தோட்டமா, தொரவா?"

"சரி, காட்டு. இன்னும் ஒரு வீடு பாக்கி, அதை முடிச்சுக்கறேனே."

"ஆசையைப் பாரு."

அந்தக் கடைசி வீட்டு வாசலிலேயே வைத்து மானத்தை வாங்கிவிடுவது என்று அவளும் கூடவே நடந்தாள். சாக்குக் கனத்தில் ஒப்ராத்துக்கு மூச்சு வாங்கியது. தோலைக் கண்ட நாய்கள் தெரு முழுக்கக் குரைத்துக்கொண்டே வந்தன. கொஞ்சமாவது வெட்கப்படுகிறாரா என்று பார்த்தாள். மனுஷன் சீட்டியடித்துக்கொண்டு போனார்.

ஆலையைத் தாண்டி, மேட்டில் ஏறி, அவர் நேராக ஸ்மில்யாவின் வேலிப்படலைத் திறந்தார்.

"அடப்பாவி மனுஷா, ஆட்டைப் பறிகொடுத்தவகிட்டயுமா வசூல்?"

ஒப்ராத் சாக்கைக் கொட்டில் வாசலில் இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"வாங்க வரல தாயி, எறக்க வந்தேன். யாரு வீட்டுல ஆடு செத்துச்சோ அவங்க வீட்டுலதான் எப்பவும் எறக்கறது. சந்தையில மாத்தினா ரெண்டு சினையாடு தேறும். யாகொடா குடுத்த தொடைக்கறி மேலயே இருக்கு, பூனை இழுக்கறதுக்குள்ள எடுத்து உள்ள வை."