முத்திரைக் கல்

அவள் எழுந்திருக்கவில்லை.

வெளியே உச்சி வெயிலில் ஜமீன் வாரிசு நின்றார். பஞ்சாயத்து ஆபீஸ் வாசல் வரை வந்தவர், படிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

படிதான் விவகாரம்.

முழுக்க ஒரே கல். இரண்டு சிங்கம், நடுவில் கேடயம், மேலே சீமைக் கிரீடம். இந்தக் கட்டடம் ஜமீன் கச்சேரியாக இருந்த காலத்தில், அது வாசலுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு ஊரையே முறைத்த கல். அதற்கு எதிரே தெருவில் நடக்கும்போதெல்லாம் அவள் அப்பா தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். உள்ளே போவதற்கு அல்ல. உள்ளே போக அவரை யார் விட்டார்கள்? தெருவைக் கடப்பதற்கே அத்தனை மரியாதை.

ஜமீன் போனது. ஒரு பெருமழையில் முகப்பும் சரிந்தது. விழுந்த கல்லை எந்தப் புண்ணியவானோ படியாகப் போட்டுவிட்டான்.

சிங்கம் மேலே பார்க்கும்படி.

அதற்குப் பிறகு ஊரே அதன்மேல் ஏறி இறங்குகிறது. பென்ஷன் கேட்டு வரும் கிழவிகள் கால் சேற்றை அதில்தான் தேய்க்கிறார்கள். மூக்கு தேய்ந்துபோன சிங்கங்கள் இப்போது பார்க்கப் பூனை மாதிரி இருக்கின்றன.

அதைத் திரும்ப வாசலுக்கு மேலே ஏற்ற வேண்டுமாம். தலைவர் சரியென்றால் போதுமாம். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார். ஆனால் குலச்சின்னத்தை மிதிக்க மாட்டார். தாண்டவும் மாட்டார்.

ஆகவே தலைவர் வெளியே வர வேண்டும்.

தலைவர் அவள்.

கிளார்க் மாசானம் அவள் காதருகே குனிந்தான்.

"தலைவரம்மா, பெரிய எடம். ஒரு எட்டு வெளிய போய்ப் பேசிட்டு வந்துருங்களேன்."

ஒரு எட்டுதான். அந்த ஒரு எட்டை வைத்தால், மறுபடியும் அவள் ஜனம் அவர் முன்னால் போய் நின்றதாக ஆகும். அதற்கா ஓட்டுக் கேட்டு வீடு வீடாக அலைந்தாள்?

அவளுக்கு உள்ளூரப் பயம்தான். பயம் வந்ததை நினைக்க, கோபம் இன்னும் கூடியது.

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

அவர் முகம் கறுத்தது. திரும்பிப் போய்விடுவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவளும்தான்.

அவர் போகவில்லை.

கல்லைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து செருப்பைக் கழற்றி, ஓரமாக வைத்தார்.

அவள் எதிரே கிடந்த நாற்காலியைக் காட்டினாள்.

"செருப்பப் போட்டுக்கிட்டே வாங்க. இங்க யாரும் கழட்டுறதில்ல."