மங்குக் குவளை

“இந்த நாவல்ல ‘வேலன் தாழ்ந்தவன்’னு ஒரு வரி உண்டா? கிடையாது. தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி வீட்டுல எல்லாருக்கும் பீங்கான் கோப்பை. ரப்பர் மரம் சீவுற வேலனுக்கு மட்டும் எனாமல் பூசின தகர மங்குக் குவளை, அதுவும் கதவோரமா. போதும்லா, யாரை எங்க வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சிடுது.”

சந்திரமதி டீச்சர் பேசி முடித்ததும் மலேசியாவின் பத்து பாகாட் ஊர் வாசகர் வட்டம் தலையாட்டியது. வட்டம் என்றால் ஆறே பேர்தான். கத்தரின் வீட்டுக் கூடத்துக்கு அதுவே நெரிசல்.

தேநீர் வந்தது. மற்றவர்களுக்குப் பூப்போட்ட பீங்கான் கோப்பை, தட்டோடு. கதவோர நாற்காலியில் இருந்த அய்யாவு, குப்பை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு மட்டும் பழைய மங்குக் குவளை. அதிலும் பாதிதான் இருந்தது.

டீச்சருக்குச் சுருக்கென்றது. ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது! விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார்.

“கத்தரின், நீங்களும் அந்தக் கிராணி மாதிரிதானா? அய்யாவு அண்ணனுக்கு மட்டும் ஏன் மங்கு? அங்கேயே கேட்டிருப்பேன், உங்க மரியாதைக்காக விட்டேன்.”

“கேட்காம விட்டீங்களே, புண்ணியம்,” என்றாள் கத்தரின் மெதுவாக. “அவருக்குக் கை நடுங்குது டீச்சர். போன வாரம் கோப்பை தட்டுல ஆடி, தேத்தண்ணி சிந்திடுச்சு. ‘இனிமே வரலம்மா’ன்னு போன் பண்ணிட்டாரு. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான். இந்தக் குவளைன்னா ரெண்டு கையாலயும் பிடிக்கலாம், பாதி ஊத்தினா சிந்தாது. அதைச் சொல்லித்தான் வரவழைச்சேன்.”

டீச்சரின் சுருதி இறங்கியது. ஆனாலும் விட மனமில்லை.

“சரி, கதவோரமா உட்கார வச்சது?”

கத்தரின் கொஞ்சம் தயங்கினாள்.

“நான் வைக்கல. அவரா போய் உக்காந்துக்கிட்டாரு. போன வாரம் உங்க பக்கத்துலதான் இருந்தாரு. சிந்தினதும் நீங்க சேலையைச் சுருட்டிக்கிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டீங்களே, டீச்சர்.”

சந்திரமதிக்கு வெட்கமாக இருந்தது. கூடத்துக்குத் திரும்பினார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அய்யாவுவுக்குப் பக்கத்தில், நெருக்கமாகவே போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணே, வேலனைப் பத்தி இனிமே நீங்க சொல்லுங்க. நான் இன்னும் சரியாப் படிக்கல.”