பின்பக்க அறைக்கு ஆள் தேவை

“எத்தனை பேர் தங்குவீங்க?” சோபாவில் காலாட்டிக்கொண்டே கேட்டார் அந்த அம்மாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

“நான் மட்டும்தாம்மா. சம்சாரம் கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா.”

“சுவத்துல ஆணி அடிக்கக்கூடாது. சொந்தக்காரங்க யாரும் வந்து தங்கக்கூடாது. ஒண்ணாந்தேதி வாடகை கைக்கு வந்துடணும். சாக்குப்போக்கு சொல்றவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.”

“சரிம்மா.”

பின்பக்க அறையைத் திறந்து காட்டினார்.

“குழாய் ஒழுகுதேம்மா?”

“அது ஓனர் பார்க்க வேண்டிய வேலை. அதனால, நாளைக்கே பிளம்பரைக் கூட்டிட்டு வந்துடுங்க.”

ஆமாம், ஓனர் நான்தான். மாதம் பிறந்தால் வாடகை வந்து விழும், காலாட்டிக்கொண்டு சாப்பிடலாம் என்று முதலீட்டு வகுப்பில் சொன்னதை நம்பி, கடன் வாங்கி இந்த வீட்டை வாங்கினேன். குடிவந்த இந்த அம்மாள் வாடகையும் தரவில்லை, காலியும் செய்யவில்லை. கடன் தவணைக்காக நான் குடியிருந்த வீட்டை விற்றாயிற்று. வகுப்பில் பொய் சொல்லவில்லை. காலாட்டப் போவது யார் என்பதைத்தான் சொல்லவில்லை.

சாவியை நீட்டியவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

“இன்னொண்ணு. சொந்த வீடு மாதிரி நெனச்சுக்கிட்டு உங்க இஷ்டத்துக்கு இருக்கக்கூடாது.”