தரையில் எழும்பிய பச்சைத் தடம்

பழைய வீட்டை விற்கிறவர் தரைவிளக்கைப் போட்டுக் காட்டியாக வேண்டும் என்பது இப்போது சட்டம். போட்டால், அந்த வீட்டில் நடமாடிய ஒவ்வொருவரின் காலடியும் ஒவ்வொரு நிறத்தில் எழும்பி வரும். சிவசைலம் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. மானத்தோடு வாழ்ந்த குடும்பம் என்று, வாங்க வந்த ஜெபமணியிடம் வழிநெடுகப் பெருமையடித்துக்கொண்டு வந்தவர் அவர்.

விளக்கு எரிந்தது. எல்லா நிறங்களும் தெருவாசல் வரை ஓடின. மஞ்சள் மட்டும் பின்கட்டு அறைக்கும் கிணற்றடிக்கும் நடுவிலேயே கிடந்தது.

“அது யாரு அண்ணாச்சி?”

“எங்க ஆவுடை அத்தை. சின்ன வயசுலயே மாமா தவறிட்டாவ. நாங்கதான் கண்ணுக்குள்ள வச்சிப் பாத்தோம்.”

“இந்தப் பச்சை?”

சின்னஞ்சிறு கால்கள். முன்கூடத்திலிருந்து அத்தையின் அறைவாசலுக்கு ஓடி ஓடித் தரையே பச்சையாகிக் கிடந்தது.

“அது... நான்தான்.”

ஜெபமணிக்குக் கண் கலங்கிவிட்டது. “அத்தை மேல இவ்வளவு உசுரா இருந்திருக்கியளே!”

அந்தக் காலத்தில் அப்பா வெளியே கிளம்பச் செருப்பை மாட்டும்போதெல்லாம், “தாலியறுத்தவ எதுத்தாப்புல வந்திரப் போறா, ஓடுலே” என்பார். ஓடிப்போய் அத்தையின் அறையை வெளியே தாழ்ப்பாள் போடுவது சிவசைலத்தின் வேலை. திறந்துவிடத்தான் பல நாள் மறந்துபோகும்.

கதவுக்கு அந்தப் பக்கம், வாசலைப் பார்த்தபடி, இரண்டு மஞ்சள் பாதங்கள் அழுத்தமாகப் பதிந்திருந்தன.

“உங்களுக்காவ எவ்வளவு நேரம் காத்து நின்னிருக்காவ, பாருங்க” என்றாள் ஜெபமணி.

“ஆமா” என்று சொல்லிவிட்டு, சிவசைலம் விளக்கை அணைக்கும் பொத்தானைத் தேடினார்.