கரையான் தின்ற பக்கம்

என் அப்பா சின்னப்பன் ஒரே ஒரு கதைதான் எழுதினார். அது வந்த ‘புழுதிக்கால்’ சிற்றிதழின் கடைசிப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. அப்பாவும் போய்விட்டார்.

சிறுவயதில் சோறு ஊட்டும்போதெல்லாம் அம்மா அந்தக் கதையின் முடிவைச் சொல்வாள். கிணற்றிலிருந்து விரட்டப்பட்ட பெண், பண்ணையார் வீட்டு வாசலில் குடத்தைப் போட்டு உடைத்துவிட்டுப் போவாள். சிற்றிதழ்களை ஆராய நான் வந்ததே அந்தக் குடத்துக்காகத்தான்.

இப்போது ஆவணக்காப்பகத்து இயந்திரம், தொலைந்த பக்கங்களைத் தானே எழுதி நிரப்புகிறது. நிரப்பிய பக்கத்தில் அந்தப் பெண் பண்ணையாரை மன்னித்துத் தண்ணீர் வாங்கிக்கொண்டாள்.

அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். “இது மெஷின் எழுதுனதும்மா, நம்பாத.”

அம்மா அழுதாள். “அவரு பேசுற மாதிரியே இருக்கு புள்ள. இன்னொரு வாட்டி படி.”

தினமும் கேட்டாள். மறுக்க முடியாமல் தினமும் படித்தேன்.

ஒரு மாதம் கழித்து ஆய்வேட்டுக்காகக் கேட்டேன். “குடத்த உடைச்சிட்டு என்னம்மா சொல்லுவா அவ?”

“எங்க உடைச்சா? தண்ணிய வாங்கிக்கிட்டாளே. உங்கப்பாதான் எனக்குப் படிச்சுக் காட்டுனாரு.”

“நீதானம்மா சோறு ஊட்டுறப்ப சொல்லுவ?”

“உனக்கு எதையாச்சும் உடைக்கணும்” என்று சிரித்தாள். “படிச்ச புள்ள, பேப்பர்ல இருக்கறத நம்ப மாட்டியா?”

ஆய்வேட்டில், ‘உடைத்தாள்’ என்றே எழுதினேன். அடிக்குறிப்பில், ‘ஆதாரம்: என் அம்மா, போன மாதம் வரை’ என்று போட்டேன்.

இன்று மத்தியானம் தட்டோடு அவள் முன்னால் போய் உட்கார்ந்து ஊட்டிவிடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஊட்டினாள். கதை சொல்லவில்லை.