மிளகுக் கிடங்கின் மாடியில்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடி. மனநல ஆலோசகர் கமலாக்ஷியின் மூடிய கதவுக்கு முன்னால், ஷூ முடிச்சை அவிழ்க்காமல் நிற்கிறாள் ரோஜா. போன பந்தயத்தில் துப்பாக்கி வெடித்தும் கால் எழாமல் கோட்டிலேயே உறைந்துபோன ஓட்டக்காரி. இங்கே வந்தது தெரிந்தால் கோச் பாண்டியராஜன் அணியிலிருந்தே தூக்கிவிடுவார் என்று பயந்து, படியிறங்கத் திரும்புகிறாள். கதவு திறக்கிறது. கண்ணைத் துடைத்தபடி வெளியே வருபவர் பாண்டியராஜனேதான். "சாரே, நீங்களா?" "மிளகு நெடி மோளே" என்று சமாளிப்பவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிடுகிறார். "பொய். நானும் இங்க வர்றவன்தான். நீ உள்ள போ. கீழ சாயாக்கடையில இருக்கேன்." ஜன்னல் வெயிலில் தூசி மினுங்குகிறது. ரோஜா குனிந்து ஷூவைக் கழற்றுகிறாள். மைதானத்தில் 'வேகம், வேகம்' என்று கத்தும் அதே தொண்டை, படியிலிருந்து தணிவாகச் சொல்கிறது: "அவசரமே இல்ல. மெதுவா பேசிட்டு வா, கேட்டோ."